கணக்கு எழுதும் முன் காலாற நடப்போம்

கடையில் சோர்வு தட்டினால், "தம்பி, ஒரு டீ சொல்லு" என்பது நம் எல்லோருக்கும் பழக்கம். சீவலப்பேரியில் மொத்த வியாபாரம் செய்யும் நாமும் ஒரு காலத்தில் நாளைக்கு எட்டு டீ குடித்தவர்கள்தாம்.

ஒரு பொங்கல் வியாபார நெருக்கடியில், சரியான தூக்கமில்லாமல், ஒரு மூட்டை உளுந்தைச் சில்லறை வியாபாரி ஒருவர் பேரில் இரண்டு முறை பற்று எழுதிவிட்டோம். "அண்ணாச்சி, நான் ஒரு மூட்டைதானே எடுத்தேன்" என்றார். நாம் சிட்டையைக் காட்டிச் சாதித்தோம். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போனவர், பிறகு நம் கடைப்பக்கம் வரவில்லை. ஆண்டு முடிவில் இருப்பு பார்த்தபோது ஒரு மூட்டை கூடுதலாக இருந்தது. அவர் வீடு தேடிச் சென்று பணத்தைத் திருப்பித் தந்தோம். ஆனாலும் அவர் மீண்டும் நம்மிடம் சரக்கு எடுக்க ஒரு வருடம் ஆயிற்று.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. டீ, காப்பியில் உள்ள காஃபீன் அதன் வேலையைச் சில மணி நேரம் தடுக்கிறது. களைப்பு தெரியாது; ஆனால் தூக்கக் கடன் அப்படியே நிற்கும். மாலையில் குடித்தால் இரவுத் தூக்கமும் கெடும். மறுநாள் அதற்கும் சேர்த்து டீ!

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சற்றுமுன் பார்த்ததை நினைவில் வைத்து விடை சொல்லும் திறனில், 20 நிமிட வேக நடை தந்த பலனும், ஒரு சிறு கோப்பைக் காப்பி அளவு காஃபீன் தந்த பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வழக்கமாகக் குடிப்பவர்கள் நிறுத்தும்போது வரும் சோர்வும் நடையால் குறைந்தது. கணக்கு எழுதும் நமக்கு இந்த நினைவுதானே முதல்!

டீயை அறவே விடச் சொல்லவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஒரு டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். எட்டு டீ எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இப்போது நாம் காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டோம். மாலையில் சிட்டையை எடுக்கும் முன், தாமிரபரணிக் கரை வரை வேகமாக நடந்து திரும்புகிறோம். அந்த இருபது நிமிடம் கல்லாவில் மகன் இருக்கிறான். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

வாடிக்கையாளர் "கணக்கு தப்பு" என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் களைப்பைத்தான்.