ராஜா இருந்த இடத்தில் அம்பாள்

திருச்சி, ஸ்ரீரங்கத்து நேயர்களே, இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் 'காட் சேவ் த கிங்' மெட்டில் நம்ம முத்துசுவாமி தீட்சிதர் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், தெரியுமா? ஆமாம், மலைக்கோட்டைத் தாயுமானவர்மேல் 'ஸ்ரீ மாத்ருபூதம்', அரங்கன்மேல் 'ரங்கநாயகம்' பாடிய அதே தீட்சிதர்தான்!

1745-இல் லண்டன் நாடக மேடையில் பாடிப் பிரபலமான மெட்டு அது. கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்தோடு கப்பலேறி சென்னைக்கும் வந்துவிட்டது. சின்ன வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த தீட்சிதர், சென்னைக் கோட்டையில் பேண்டு வாசிப்பதைக் கேட்டு ரசித்ததாகச் சொல்வார்கள். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார். ராஜாவை மட்டும் இறக்கிவிட்டு, அங்கே சியாமளா தேவியை உட்கார வைத்துவிட்டார், அதுவும் சமஸ்கிருதத்தில். என்ன குறும்பு பாருங்கள்!

'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்கும் அந்தப் பாட்டு, சங்கராபரண ஸ்வரங்களில், குழைவு கமகம் ஏதும் இல்லாமல், மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு நேராகப் போகும். பாட்டு கிளாஸில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும், மேற்கத்திய மெட்டுப் பாட்டுகளான நொட்டுஸ்வரங்களில் இதுவும் ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது பாட்டு கற்றுக்கொண்டால், இன்றைக்கே பாடச் சொல்லிக் கேளுங்கள்.