தன் மாதிரியை நுனியில் தாங்கும் சங்கு

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகர ரயில் நிலையத்தை அப்படியே 160இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டியவர் வொல்ஃப்காங் ஃப்ரை. ரயில்வேயில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஏறத்தாழ 30 ஆண்டுகளை இதற்கே கொடுத்துவிட்டு 2012இல் மறைந்தார். அந்த அளவில் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். நடைமேடையில் நிற்கும் ஆள் ஒரு சென்டிமீட்டர் உயரம். தண்டவாளங்கள் பிரியும் இடங்கள், சிக்னல்கள், நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகள் என எதையும் அவர் விடவில்லை. அசல் கட்டடத்தின் இரு பக்கச் சிறகுகளும் புதிய ரயில் திட்டத்துக்காக 2010லும் 2012லும் இடிக்கப்பட்டன. மாதிரியில் அவை இன்னும் நிற்கின்றன. மனிதக் கையின் பொறுமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

ஆனால் ஃப்ரைக்கு முன்னால் ஒரு அசல் இருந்தது. பார்த்தார், படம் எடுத்தார், அளந்தார், செய்தார். பார்க்க அசலே இல்லாமல், இருட்டில், கடலடி மணலில் மாதிரி செய்யும் ஒரு வேலை நம் கடலில் நடக்கிறது.

தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களை நனைக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அந்த வேலையைச் செய்யும் சங்கு வாழ்வது அந்தக் கடலில்தான். அங்கே முத்துச்சிப்பி பாறையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். சங்குக்கோ மணல் தரை வேண்டும். மணலில்தான் அதற்கு இரையாகும் புழுக்கள் இருக்கின்றன. முட்டையிடும் காலத்தில் தாய்ச்சங்கு அந்த மணலில் ஒரு முட்டைக்கூட்டை ஊன்றி வைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ரயில் பெட்டிகளைப் போல அதில் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவற்றில் சிலதான் குஞ்சாகும். மற்றவை அந்தச் சிலவற்றுக்கு உணவு. உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, ஓடும் கட்டிக்கொண்டுதான் அவை வெளியே வருகின்றன.

வரும்போதே சங்காக வருகின்றன என்பதுதான் அதிசயம். முத்துச்சிப்பியின் குஞ்சு முதலில் தாயின் சாயலே இல்லாமல் நீரில் நீந்தி அலையும். சங்குக் குஞ்சுக்கு அந்த அலைச்சல் இல்லை. நகத்தளவே இருந்தாலும் சுருள் உண்டு, வாய் உண்டு, நீண்ட மூக்கும் உண்டு. வந்த உடனே மணலில் ஊர்ந்து போகும்.

இனி அது கையளவாக வேண்டும். ஸ்டுட்கார்டில் மண்ணுக்கடியில் புது நிலையம் கட்டும்போதும் ரயில் ஓடத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் பொறியாளர்களுக்குத் தெரியும். சங்கு வாழ்நாள் முழுக்க அந்தச் சிரமத்தோடுதான் வாழ்கிறது. பழைய ஓட்டைக் கழற்றி எறிய முடியாது. குடியிருந்தபடியே வீட்டைப் பெரிதாக்க வேண்டும். வாய் ஓரத்தை ஒட்டிய மெல்லிய சதை மடிப்பு, கடல்நீரிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பைக் கொண்டு விளிம்பில் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. அப்படிச் சேர்ப்பதிலும் ஓர் ஒழுங்கு. 1838இல் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய அறிஞர் இத்தகைய சுருள் ஓடுகளை அளந்து பார்த்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஒரே விகிதத்தில் பெரிதாவதைக் காட்டினார். அதனால்தான் அளவு மாறினாலும் உருவம் மாறுவதில்லை. குஞ்சுக்கும் கிழச்சங்குக்கும் ஒரே கணக்கு.

ஆகவே சின்னச் சங்கு பெரிய சங்குக்குள் தொலைந்துபோவதில்லை. நுனியில் இருக்கும் முதல் சுருள்தான் அது முட்டைக்கூட்டை விட்டு வந்தபோது இருந்த முழு ஓடு. வளர்ந்த சங்கு தன் மாதிரியைத் தன் உச்சியிலேயே தாங்கி நிற்கிறது. ஊதுவதற்காக நாம் அறுத்தெடுப்பதும் அந்த நுனியைத்தான். பூசை அறையில் எழும் ஓசை, அதன் பிள்ளைப்பருவம் இருந்த இடத்தின் வழியாகப் பிறக்கிறது.

எந்தப் பக்கம் சுழல்வது என்பதும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. நத்தைகளில் செய்த ஆய்வுகள், கரு சில செல்களாக இருக்கும்போதே திசை முடிவாகிவிடுவதைக் காட்டியிருக்கின்றன. எத்தனையோ இடம்புரிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு வலம்புரி பிறக்கிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திசைதான் மாறியிருக்கும், விகிதம் மாறியிருக்காது.

ஆத்தூரை அடுத்த கொற்கையில் சங்கறுத்த பழங்காலத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியர் துறைமுகம் மண்மூடிப் போயிற்று, ஆறு தடம் மாறிற்று, கடல் விலகிற்று. அந்தத் துண்டில் இருக்கும் வளைவு இன்று வலையில் ஏறும் சங்கிலும் இருக்கிறது. கட்டியவன் வரைபடத்தை மாற்றவேயில்லை. அவனைக் கடவுள் என்பவர்கள் கைகூப்பட்டும். இயற்கை என்பவர்கள் கணக்கைப் பார்த்து வியக்கட்டும். இருவருக்கும் தலை தாழ்வது ஒரே இடத்தில்தான்.

இந்தக் கரையின் சங்குகுளித் தொழிலில் பழைய முறை ஒன்று உண்டு. துளையிட்ட அளவுப் பலகையில் சங்கை நுழைத்துப் பார்ப்பார்கள். துளைக்குள் புகுந்து விழும் சின்னச் சங்கைக் கடலுக்கே திருப்பி விடுவார்கள். நாளைய விளைச்சலை நினைத்து வைத்த விதிதான் அது. ஆனாலும் படைப்பின் முன் நிற்பவர் செய்யத்தக்க மரியாதையும் அதுவே: முடிவடையாத வேலையை நடுவில் நிறுத்தாமல், கட்டுகிறவன் கட்டி முடிக்க விட்டுவிடுவது.