அணைத்த கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பலாம்

கம்ப்யூட்டரை 'ஷட் டவுன்' செய்த பிறகு அதன் முதுகுப்பக்கம் எட்டிப் பாருங்கள். நெட்வொர்க் ஒயர் சொருகும் இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். 'அணைத்துவிட்டோமே, இது ஏன் எரிகிறது?' என்று நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அது பழுதல்ல. ஊர் உறங்கும்போது கூர்க்கா விழித்திருப்பதைப் போன்ற ஓர் ஏற்பாடு.

1995-ல் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில், பிளக் சொருகியிருக்கும்வரை பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைக்கொண்டு நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருந்து ஒயரைக் கவனிக்கிறது. அதே ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் 'மேஜிக் பாக்கெட்' என்ற முறையை வெளியிட்டது. 'வேக் ஆன் லேன்' என்று இன்று நாம் சொல்லும் வசதி இதுதான்.

ரயில்வே சிக்னல், டெலிகாம் பிரிவில் இருந்த எனக்கு இது பழகிய சங்கதி. கன்ட்ரோல் போன் ஒயர் ஒன்றுதான்; செக்‌ஷனில் உள்ள ஸ்டேஷன்கள் எல்லாம் அதில்தான் இணைந்திருக்கும். கன்ட்ரோலர் ஒரு ஸ்டேஷனின் எண்ணை அனுப்பினால் அங்கே மட்டும் மணி அடிக்கும். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 6 பைட் நீளமுள்ள 'மேக்' முகவரி உண்டு. எழுப்பும் செய்தியில் முதல் 6 பைட் 'கவனி' என்னும் அடையாளம். பிறகு அந்தக் கார்டின் முகவரி 16 தடவை வரும். ஆக மொத்தம் 102 பைட். செய்தி எல்லோருக்கும் போனாலும், தன் முகவரியைக் கண்ட கார்டு மட்டுமே கம்ப்யூட்டரை எழுப்பும்.

இதனால் நமக்கு என்ன லாபம்? அன்பர் ஒருவர், தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று இரண்டு மாதம் கும்பகோணம் போகவேண்டியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகள் அவ்வப்போது தேவை என்பதால், அதை ஓடவிட்டே பூட்டிக்கொண்டு போக நினைத்தார். 50 வாட் என்று வைத்தால்கூட 60 நாளில் 72 யூனிட் ஆகிறது. பூட்டிய வீட்டில் கோடை வெப்பம் வேறு! உறங்கவிட்டால், 2 வாட் என்று வைத்தாலும் 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

முதலில் 'பயாஸ்' பகுதியில் இவ்வசதியை இயக்கவேண்டும். பிறகு விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' சென்று, நெட்வொர்க் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்று கட்டங்கள் இருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்பது முதலாவது. கார்டு கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்பது இரண்டாவது. மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டுமே எழுப்பலாம் என்பது மூன்றாவது. மூன்றையும் டிக் செய்யுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் வேறு ஏதாவது செய்தி வந்து நடுராத்திரியில் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளக்கூடும். பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம்! 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இதற்குக் குறுக்கே நிற்பதுண்டு. அதை நிறுத்திவிடுவது நல்லது.

சில எச்சரிக்கைகள். வைஃபையை நம்பாமல் ஒயர் இணைப்பே வையுங்கள். வெளியூரிலிருந்து நேராக அனுப்பும் மேஜிக் பாக்கெட்டை ரௌட்டர் பொதுவாக உள்ளே விடாது. ரௌட்டரே அதை அனுப்பும் வசதி சிலவற்றில் உண்டு, வாங்கும்போது விசாரியுங்கள். கரண்ட் போய் வந்தால், ஒருமுறை இயக்கும்வரை சில கம்ப்யூட்டர்கள் அழைப்புக்குச் செவிசாய்ப்பதில்லை. கரண்ட் வந்ததும் தானே இயங்கும்படி பயாஸிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வசதி தேவையில்லாதவர்கள் ஊருக்குப் போகும்போது பிளக்கையும் நெட்வொர்க் ஒயரையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். ஷட் டவுன் செய்தது மட்டும் இடி மின்னலிலிருந்து காப்பாற்றாது. பெட்டியைத் திறந்து தூசு தட்டும்போதும் பிளக் வெளியேதான் இருக்கவேண்டும்.

தேவைப்படுகிறவர்கள், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள். அணைத்துவிட்டு ரௌட்டர் வழியாக எழுப்புங்கள். பிளக்கைப் பத்து நிமிடம் பிடுங்கி, மறுபடி சொருகி, திரும்ப எழுப்புங்கள். இரண்டு தடவையும் எழுந்தால் கவலையில்லாமல் வீட்டைப் பூட்டலாம்.