ஈரமண் வைத்திருந்த கணக்கு

யானையின் முன்னங்கால் பதித்த தடத்தின் விளிம்பைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அந்த நீளத்தை இரட்டித்தால் கிடைப்பது ஏறத்தாழ அந்த யானையின் தோள் உயரம் என்பது பாகர்களும் வனக்காவலர்களும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கணக்கு. யானையைக் காணாமலே அதன் உயரத்தைச் சொல்லும் இக்கணக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்த விலங்குகளின் நடையைக் கல்லில் பதிந்த தடங்களிலிருந்து கணிக்கும் அறிவியலும் அடிப்படையில் ஒன்றே. பாதத்தின் அளவு காலின் உயரத்தைக் காட்டும். காலின் உயரம் தெரிந்தால், தடங்களுக்கு இடைப்பட்ட தூரம் வேகத்தைக் காட்டும்.

இந்த இரண்டாம் படியைச் சூத்திரமாக்கியவர் பிரிட்டன் விலங்கியலாளர் ஆர். மெக்நீல் அலெக்சாண்டர். ஒரே கால் அடுத்தடுத்து ஊன்றிய இரு தடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை 'எட்டு' என்று கொண்டால், அந்த எட்டு இடுப்பு உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே விலங்கு நடந்ததா ஓடியதா என்பதைத் தீர்மானிக்கிறது என்று உயிருள்ள விலங்குகளையும் மனிதர்களையும் அளந்து கண்ட அவர், 1976இல் அதை டைனோசர்களுக்குப் பொருத்தினார். இரண்டு மடங்குக்குக் குறைவென்றால் நடை. ஏறத்தாழ மூன்றை எட்டினால் ஓட்டம். இரு கால் டைனோசர் ஒன்றின் தடம் 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், இடுப்பு உயரம் பாதத்தைப் போல நான்கு மடங்கு என்ற பொதுக் கணக்கின்படி 1.2 மீட்டர் ஆகிறது. அதன் எட்டு 2.4 மீட்டராக இருந்தால் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. இந்த நான்கு மடங்கு என்பது இனத்துக்கு இனம் மாறுமாகையால், விடையை நேர்கோலால் அளந்தது போல எடுத்துக்கொள்வது பேதைமை.

மண்ணும் ஏமாற்றும். சேற்றில் விரல்கள் விரிந்து பாதம் பெரிதாகத் தோன்றும். மேற்படலம் அரித்துப்போய், எடையின் அழுத்தம் மட்டும் இறங்கிய கீழ்ப்படலம் எஞ்சினால், அதில் தெரிவது பாதமன்று, பாதத்தின் மங்கிய நிழலே. தடம் உலர்வதற்கும் அதன்மீது புதிய வண்டல் படிவதற்கும் காலம் ஒத்துவந்தால்தான் அது கல்லாகும்.

பழனி மலைத்தொடருக்கு வடக்கே சமவெளியில் உள்ள நெய்க்காரப்பட்டியின் வயல்களில் மாட்டுக் குளம்புகள் நாள்தோறும் பதிந்தாலும், அவ்வூரின் பாறைகளில் இத்தகைய தடத்தைத் தேடிப் பயனில்லை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோகைட், நைஸ் ஆகிய பாறைகளே அங்குள்ளவை. அவை உருவான 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் நிலத்தின்மேல் நடக்க விலங்கேதும் இல்லை. தடம் வேண்டுமானால் வண்டல் வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த கற்கருவித் தலத்தில், சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் நடத்திய அகழ்வில், 15 லட்சம் ஆண்டுப் பழமை வாய்ந்த கைக்கோடரிகளோடு விலங்குக் குளம்புத் தடங்களாகக் கருதப்படும் பதிவுகளும் களிமண்ணில் வெளிப்பட்டன. இன்னும் பழையவற்றுக்கு ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகிலுள்ள தையாட் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கு ஜுராசிக் காலத்து மணற்பாறையில் மூவிரல் டைனோசர் தடங்கள் பதிவாகியுள்ளன.

எலும்பு சொல்வது வேறு வகை. கோதாவரிப் படுகையில் 1960களின் தொடக்கத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் தோண்டியெடுத்த பாரபாசாரஸ் தாகோரெய் என்ற டைனோசர், தன் பெயரிலேயே 'பெரிய கால்' என்ற வங்கச் சொல்லைத் தாங்கியுள்ளது. ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமுள்ள அதன் தொடை எலும்பு, தூணைப் போல நிமிர்ந்து எடையைத் தாங்கும் காலுக்குரியது. உடல் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது, எலும்பின் குறுக்கு வெட்டோ நான்கு மடங்கே. ஆகவே பெரிய விலங்கு காலை மடக்காமல் நேராக வைத்துக்கொள்கிறது. யானையும் அவ்வாறே. 2003இல் ஜான் ஹட்சின்சன் குழுவினர் தாய்லாந்து யானைகளை அளந்தபோது, அவை மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தை எட்டியும் நான்கு பாதங்களையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆயினும் எலும்பு காட்டுவது என்ன இயலும் என்பதை மட்டுமே; என்ன நடந்தது என்பதைத் தடமே காட்டும். இரண்டும் ஒரே விலங்குக்குக் கிடைப்பது மிக அரிது. ஜெர்மனியின் ப்ரோமாக்கர் கல்லடுக்கில் 29 கோடி ஆண்டுக்கு முந்திய ஓரோபேட்ஸ் என்ற விலங்குக்கு அவ்வாறு கிடைத்தது. ஜான் நியாகடுரா குழுவினர் அதன் எலும்புக்கூட்டைக் கணினியில் எழுப்பி, ஓர் இயந்திர உருவமும் செய்து, நூற்றுக்கணக்கான நடைகளை முயன்று, கல்லில் உள்ள தடத்தோடும் உடலின் இயல்போடும் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தனர். 2019இல் வெளியான முடிவில் எஞ்சி நின்றது, வயிற்றைத் தரையில் இழுக்காமல் உடலைச் சற்று உயர்த்தி, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆற்றலில் நடந்த ஒரு விலங்கு.