விரிவாக்கப் பலகைகளைப் பொருத்துவதில் இடைத்தாங்கித் தேர்வு: ராஸ்பெர்ரி பை கணினியை முன்வைத்து

முன்னுரை

மின்சுற்றுப் பலகை ஒன்றன்மீது மற்றொன்றை அடுக்கிப் பொருத்தும்போது, இரண்டிற்கும் நடுவே நிறுத்தப்படும் சிறு தூண் ஸ்பேசர் எனப்படுகிறது. தமிழில் இதனை இடைத்தாங்கி எனலாம். விலை குறைந்த உதிரிப்பொருள் என்பதால் இதன் தேர்வு பெரிதாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடும் ஆய்வகக் கருவியின் அளவீடுகளை இடையிடையே பிறழச் செய்யவல்லது. அத்தகைய பிழை வன்பொருளில் இருக்க, நிரலில் தேடப்படுவதும் உண்டு. ராஸ்பெர்ரி பை கணினியைச் சான்றாகக் கொண்டு இத்தேர்வின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

துளையும் திருகும்

2014ஆம் ஆண்டு வெளிவந்த பி பிளஸ் வகையில் 40 முள் இணைப்பியும் நான்கு பொருத்துதுளைகளும் அமைந்தன. அதே ஆண்டில் ‘ஹாட்’ எனப்படும் விரிவாக்கப் பலகைக்கான வரையறையும் வெளியிடப்பட்டது. துளை மையங்களுக்கு இடையிலான தொலைவு நீளவாக்கில் 58 மி.மீ., அகலவாக்கில் 49 மி.மீ. ஆகும். துளையின் விட்டம் ஏறத்தாழ 2.75 மி.மீ. ஆதலால் எம் 2.5 அளவுத் திருகே பொருந்தும். கடைகளில் எளிதில் கிடைக்கும் எம் 3 திருகுக்காகத் துளையை அகலப்படுத்தினால் அருகிலுள்ள செம்புத் தடங்கள் சிதையக்கூடும்.

உயரம்

இடைத்தாங்கியின் உயரத்தை இணைப்பியே முடிவு செய்கிறது. கீழ்ப்பலகையிலுள்ள முள் இணைப்பியின் நெகிழி அடிப்பகுதி சுமார் 2.5 மி.மீ.; மேற்பலகையிலுள்ள வழக்கமான துளை இணைப்பி 8.5 மி.மீ. இரண்டும் முழுமையாகப் பொருந்தும்போது பலகைகளின் இடைவெளி 11 மி.மீ. ஆகிறது. 12 மி.மீ. தாங்கியைப் பயன்படுத்தினால் முள் நுழையும் ஆழம் 1 மி.மீ. குறைந்து, அதிர்வின்போது தொடர்பு தளரலாம். 10 மி.மீ. தாங்கியைப் பயன்படுத்தித் திருகை இறுக்கினால் பலகை வளையும். பற்றவைப்புகள் இறுக்கத்திற்கு உள்ளாகும். பீங்கான் மின்தேக்கிகள் விரிசலுறவும் கூடும். உயரமான வெப்பம் கடத்தி பொருத்தப்பட்டிருப்பின் நீண்ட துளை இணைப்பியைத் தேர்ந்து, அதற்கேற்பத் தாங்கியின் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

திருகின் நீளம்

பலகையின் வழக்கமான தடிமன் 1.6 மி.மீ. இரு முனைகளிலும் உட்புரி கொண்ட 11 மி.மீ. தாங்கியில் 6 மி.மீ. திருகுகளை இருபுறமும் செலுத்தினால் ஒவ்வொன்றும் 4.4 மி.மீ. உட்செல்லும், மொத்தம் 8.8 மி.மீ. என்பதால் இடமுண்டு. 8 மி.மீ. திருகுகளாயின் மொத்தம் 12.8 மி.மீ. ஆகி, அவை உள்ளே ஒன்றையொன்று முட்டும். திருகு இறுகியதுபோல் தோன்றினும் பலகை தளர்ந்தே இருக்கும்.

பொருள்

நைலான் மின்கடத்தாப் பொருள்; தடங்களைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று நேராது. எனினும் அதன் புரி மென்மையானது. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல உருமாறும். ஈரத்தை உறிஞ்சி அளவும் சிறிது மாறும். பித்தளை உறுதியானது, பலமுறை கழற்றிப் பூட்டலாம். ஆனால் அது மின்கடத்தி. 5 மி.மீ. அகல அறுகோணத் தாங்கியின் எதிர்மூலைகளுக்கு இடையே 5.8 மி.மீ. அளவு தொலைவு இருப்பதால், துளையைச் சுற்றி அந்த அளவிற்கு வெற்றிடம் உள்ளதா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

முடிவுரை

துளையைக் கொண்டு திருகையும், இணைப்பியைக் கொண்டு உயரத்தையும், உயரத்தையும் பலகையின் தடிமனையும் கொண்டு திருகின் நீளத்தையும், பயன்படும் சூழலைக் கொண்டு பொருளையும் முடிவு செய்வதே முறையான வரிசையாகும். கையிலுள்ள தாங்கிக்கு ஏற்பப் பலகையை வளைத்துப் பொருத்துவது இவ்வரிசையைத் தலைகீழாக்குவதாகும். அளவீட்டை நம்பி நிற்கும் ஆய்வுகளில் இவ்வேறுபாடு தரவின் நம்பகத்தன்மையையே பாதிக்கும்.