காதல் ஜோடிக்குக் கோர்ட்டில் இடம் உண்டு; ஊரில்தான் இல்லை!

மாலைப் பேப்பர் வாங்குகிறவர்களுக்கு ஒரு தலைப்பு மனப்பாடம்: "காதல் ஜோடி போலீசில் தஞ்சம்!"

ஊர் பெயர் மட்டும் மாறும். ஒருநாள் செங்கல்பட்டு, மறுநாள் சேலம். மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ இருக்கும். "இருதரப்புப் பெற்றோரையும் வரவழைத்துப் போலீசார் சமரசம் பேசினர்" என்று கடைசி வரி இருக்கும்.

டீக்கடை பெஞ்சில் இதைப் படித்துவிட்டு "காலம் கெட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "அட, ரெண்டு பேரும் மேஜர்தானே, உங்களுக்கு என்ன சார்?" என்பார் பக்கத்தில் இருப்பவர். அதற்குள் பஸ் வந்துவிடும். விவாதம் அத்தோடு குளோஸ்!

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. வயது வந்த இரண்டு பேர், ஒரு குற்றமும் செய்யாதவர்கள், ஏன் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்க வேண்டும்? சினிமா, பஸ், செல்போன், வாடகை வீடு, கோர்ட் என்று ஊரை ஒரு ரவுண்டு வந்தால் விஷயம் புரிகிறது.

இருட்டில் கிடைத்த நிழல்

ஒரு காலத்தில் ஜோடிகளுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது சினிமா தியேட்டர். 1964-ல் மவுண்ட் ரோட்டில் சபையர் வந்தது. ஒரே வளாகத்தில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள். புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்கெட் வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், வேண்டிய நேரம் உட்காரலாம். ஏ.சி. வேறு!

1990-களில் அது போனது. 1961-ல் திறந்த சாந்தி 2016-ல் மூடியது. 1983-ல் அசோக் நகரில் வந்த உதயம், 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது.

மால் தியேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் டிக்கெட்டுக்கு ஒரு நோட்டு, பாப்கார்னுக்கு அதைவிடப் பெரிய நோட்டு. குமாஸ்தா சம்பளக்காரர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"ரெண்டு டிக்கெட் கொடுங்க"

அடுத்தது பஸ். "ரெண்டு டிக்கெட் கொடுங்க" என்று கண்டக்டரிடம் கெத்தாகச் சொல்லி, காதலிக்கும் சேர்த்துக் காசு கொடுத்த வாலிபர்கள் எத்தனை பேர்! 2021 மே மாதத்தில் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. வாலிபர்களுக்கு அந்தச் சாக்கு போச்சு!

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் உள்ளே ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அப்பாவிடமும் அண்ணனிடமும் பஸ் காசு கேட்டு நிற்காமல் வேலைக்குப் போய் வருகிற பெண், தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யவும் பழகிக்கொள்கிறாள். சில வீடுகளில் புகைச்சல் ஆரம்பிக்கிற இடமும் அதுதான்.

கடுதாசியில் இருந்து கைப்பேசிக்கு

1996-ல் அகத்தியன் எடுத்த 'காதல் கோட்டை' நினைவிருக்கிறதா? முகமே பார்க்காமல் கடிதத்திலேயே வளர்ந்த காதல். ஊரே கொண்டாடியது. 2022-ல் பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே' வந்தது. காதலர்கள் இருவரும் செல்போனை ஒருநாள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெண்ணின் அப்பா நிபந்தனை போடுகிறார். அவ்வளவுதான், குட்டு எல்லாம் வெளியே!

இரண்டு படத்துக்கும் நடுவில் 26 வருஷம். அன்றைக்கு ஆளைப் பற்றி எதுவும் தெரியாது, நம்பிக்கை இருந்தது. இன்றைக்கு எல்லாம் தெரிகிறது. நம்பிக்கைதான் ஆட்டம் காண்கிறது.

இந்தச் சந்தில் மோசடிப் பேர்வழிகளும் புகுந்துவிட்டார்கள். இன்டர்நெட் வரன் பார்க்கும் இடத்தில் போலி போட்டோ, வெளிநாட்டு வேலை என்று கதை. பத்து நாள் இனிக்க இனிக்கப் பேச்சு. பதினோராம் நாள் "அவசரமா கொஞ்சம் பணம் வேணும்". நேரில் பார்க்காத மாப்பிள்ளைக்கு நயா பைசா அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

வீடு காலி, ஆனா...

"டு லெட்" போர்டு தொங்கும். கதவைத் தட்டினால் முதல் கேள்வி, "ஃபேமிலியா?" இல்லை என்றால் வீடு அந்த நிமிஷமே வேறு யாருக்கோ பேசி முடிந்ததாகிவிடும். கல்யாணம் ஆன ஜோடி என்றாலும் பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை என்றால் ஒரு சந்தேகப் பார்வை.

லாட்ஜிலும் இதே கதைதான். 2019-ல் கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு சீல் வைத்தார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஐகோர்ட் கேட்டது: அதைத் தடுக்கும் சட்டம் எங்கே இருக்கிறது? அப்படி ஒரு சட்டமே இல்லை என்று சொல்லி, சீலை அகற்ற உத்தரவு போட்டது.

கோர்ட் சொன்னது என்ன?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னோடி. 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. இந்துக்கள் இருவர், உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது.

மேஜரான பெண் விரும்பியவரை மணக்கலாம், மிரட்டுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று 2006-லேயே அதே கோர்ட் சொல்லியிருக்கிறது.

நடிகை குஷ்பு விவகாரம் மறந்திருக்காது. 2005-ல் கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். துடைப்பம், செருப்போடு ஆர்ப்பாட்டம் வேறு. 2010 ஏப்ரலில் அத்தனையையும் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வயது வந்தவர்களுக்கு மட்டும். கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் அது காதல் இல்லை, போக்சோ வழக்கு. பையன் உள்ளே போவான்.

ரத்தம் காயவில்லை

இத்தனை சட்டம் இருந்தும் தஞ்சம் எதற்கு என்றால், பயம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் ஒரு இளம் ஜோடியை வெட்டினார்கள். கணவர் இறந்தார், மனைவி உயிர் தப்பினார். அவர்கள் செய்த ஒரே "தப்பு" சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. இப்படி மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2025 அக்டோபரில், ஆணவக் கொலையைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது.

சட்டத்திலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. மதம் மாறாமல், வேறு மதத்தவரை மணக்க 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. ஆனால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த விவரத்தை ஆபீசில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபம் தெரிவிக்கத்தான் இந்த ஏற்பாடு. தேடி வருகிறவனுக்கு அதுவே விலாசமும் ஆகிவிடுகிறது!

கல்யாணம் ஆச்சா? பதிவு பண்ணுங்க!

எந்த மதமாக இருந்தாலும், வீட்டில் பார்த்த கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 2009-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பாஸ்போர்ட், பென்ஷன் என்று எதற்கும் கேட்பார்கள். நாளைக்கு "இவ யாருன்னே தெரியாது" என்று ஒருவன் கைவிரித்தால், அந்தக் காகிதம்தான் பேசும். மிரட்டல், அடி உதை என்றால் பெண்களுக்கு 181 இருக்கிறது.

கடைசியாக, இரவு வண்டியில் தொங்கிக்கொண்டு இதைப் படிக்கிற அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் பெண் தயங்கித் தயங்கி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்பா" என்று வந்து நிற்கலாம். கையை ஓங்காமல், உட்காரச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், சண்டைகூடப் போடுங்கள். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தன் வீட்டிலேயே பேச இடம் இருக்கிற பெண்ணுக்கு ஸ்டேஷன் பெஞ்ச் தேவைப்படாது.