கணிப்பொறித் துறையில் அடியெடுத்து வைப்போருக்கு

பள்ளி இறுதி வகுப்பில் தேறிய பிள்ளையை அழைத்துக்கொண்டு பெற்றோர் யோசனை கேட்க வருவது பெரும்பாலும் இருவரிடந்தான். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றவர் கிராமத்திற்கு அடிக்கடி வந்துபோகும் அரசாங்க ஊழியர். "கணிப்பொறிப் படிப்பில் சேர்க்கலாமா? வேலை கிடைக்குமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. நிலத்தை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களும் உண்டு. ஆகையால் நாம் கூறும் விடை ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைக் காக்கவும் கூடும், கரைக்கவும் கூடும். அவ்விடையைப் பொறுப்புடன் கூறுவதற்கு வேண்டிய செய்திகளைக் கீழே காண்போம்.

துறை வளர்ந்த விதம்

1950-களின் நடுவில், இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையம் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறியை வரவழைத்தது. அதே காலத்தில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர், ஆர். நரசிம்மன் தலைமையில், தாமே ஒரு கணிப்பொறியை அமைக்க முற்பட்டனர். 1960-இல் இயங்கத் தொடங்கிய அந்த யந்திரத்திற்கு 1962-இல் 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்த யந்திரத்தை அமைத்த குழுவினரில் பெரும்பாலோர் அதற்குமுன் கணிப்பொறியில் பணிபுரிந்தவர்கள் அல்லர். செய்துகொண்டே கற்றார்கள். இத்துறையில் புகுவோருக்கு அன்று பொருந்திய அந்த முறை இன்றும் பொருந்தும்.

1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. நம் நாட்டில் கணிப்பொறிக் கல்வி அங்கு வேரூன்றியது. 1968-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தோன்றியது. 1976-இல் மத்திய அரசாங்கம் தேசியத் தகவலியல் மையத்தை அமைத்தது. 1980-களின் நடுவில் புதுதில்லியில் ரயில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறிற்று. 2016-இல் யு.பி.ஐ. பணப் பரிமாற்ற முறை வந்தபின் காய்கறிக் கடையும் இத்துறையின் வாடிக்கையாளராகிவிட்டது.

எத்தகைய வேலைகள்?

கணிப்பொறி வேலை என்றால் நிரல் எழுதுவது ஒன்றே எனப் பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. நிரல் எழுதுவோர் ஒரு பிரிவினர். எழுதிய நிரல் சரியாக இயங்குகிறதா எனச் சோதிப்போர் மற்றொரு பிரிவினர். தகவல் தொகுதிகளைச் சேமித்துப் பாதுகாப்போர், கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலைப்பின்னலைக் கவனிப்போர், பழுது பார்ப்போர், திருட்டும் ஊடுருவலும் நேராமல் காவல் புரிவோர், உபயோகிப்போரின் சந்தேகங்களைத் தீர்ப்போர் எனப் பல வகையினர் உளர். கணக்கில் ஆர்வமுள்ளவருக்கு ஒரு வேலை பொருந்தும். கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதில் விருப்பமுள்ளவருக்கு வேறொன்று பொருந்தும். பொறுமையாகப் பேசி விளங்க வைப்பவருக்கும் இடமுண்டு. பிள்ளையின் இயல்பை ஆசிரியரைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஓர் எளிய உதாரணம்

இவ்வேலையின் உயிர்நாடி எது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மழைமானி நிலையத்தில் ஐந்து நாட்களின் பதிவு மில்லிமீட்டரில் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்: 12, 0, பதிவு இல்லை, 8, 10. மூன்றாம் நாள் மானி பழுதுபட்டிருந்தது; எனவே அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டது.

புதிதாக நிரல் எழுதும் ஒருவர் வெற்றுக் கட்டத்தையும் சுழியாகக் கொண்டு, மொத்தமான 30-ஐ 5-ஆல் வகுத்து, சராசரி 6 என்று விடை காண்பார். யந்திரம் எவ்வித ஆட்சேபமும் தெரிவிக்காது. ஆனால் அளந்த நாட்கள் நான்கே. ஆகவே அந்நாட்களின் சராசரி 7.5 மில்லிமீட்டர். இரண்டாம் நாளின் சுழி 'மழை பெய்யவில்லை' என்று பொருள்படும். மூன்றாம் நாளின் வெறுமையோ 'அறியோம்' என்று பொருள்படும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்தொழிலின் முதற்பாடம். நிரல் மொழியின் இலக்கணத்தைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். எண் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது என்று விசாரிக்கும் பழக்கந்தான் நாளடைவில் வருவது. மழைமானியையும் விதைப் பதிவேட்டையும் கையாண்ட ஊழியர்களிடம் அப்பழக்கம் ஏற்கெனவே உண்டு.

தொடங்கும் வழிகள்

பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் இத்துறையின் கதவு மூடிவிட்டது என்று கருத வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் ஐ.டி.ஐ.களில் 'கோபா' எனப்படும் ஓராண்டுக் கணிப்பொறி இயக்குநர், நிரலாக்க உதவியாளர் பயிற்சியில் சேரலாம். மத்திய அரசாங்கத்தின் 'நைலிட்' நிலையம் 'ஓ' நிலை முதலாகப் படிப்படியான தேர்வுகளை நடத்துகிறது. 1990-இல் 'டோயக்' என்ற பெயரில் தொடங்கிய திட்டமே இது. பி.சி.ஏ., எம்.சி.ஏ. பட்டங்களும் கலைக்கல்லூரி மாணவர்களுக்கு நன்கு பழகிய வழிகளே. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த நிரலாக்கம், தரவு அறிவியல் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே பயிலலாம். அதில் சேர ஜே.இ.இ. தேர்வு அவசியமன்று.

பணவசதி குறைந்தவர்களுக்கு 2017-இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' பேருதவியாக உள்ளது. அதன் வழியே ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களை எவரும் இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழுக்குரிய தேர்வெழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும்.

எந்த மொழியில் தொடங்குவது என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் வேண்டாம். பைத்தான் எளிது, ஜாவாவும் சி-யும் உறுதியான அடித்தளம் தரும். ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் விடாது பழகுதல் நலம். அத்துடன், தகவல் தொகுதிகளை வினவும் எஸ்.க்யூ.எல். மொழியை அறிந்துகொண்டால் பயன் இரட்டிப்பாகும். வகுப்பின் வருகைப் பதிவேடு, நூலகப் புத்தகக் கணக்கு, பால் கூட்டுறவுச் சங்கத்தின் வரவுசெலவு ஆகியவற்றில் ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றிப் பிழையின்றி நடத்திக் காட்டிய மாணவனுக்கு, நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.

மேலே உயருதல்

முதல் வேலையில் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைத் திருத்தும் பணியே தரப்படும். அதைத் தாழ்வாக நினைத்தல் கூடாது. அனுபவமுள்ளோர் எவ்வாறு சிந்தித்தனர் என்பதை அறிய அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. செய்த மாற்றத்தையும் அதன் காரணத்தையும் எழுதிவைக்கும் வழக்கம், தெரியாததைத் தயங்காமல் கேட்கும் துணிவு, தெளிவான கடிதம் எழுதும் திறமை ஆகிய மூன்றும் முதற் சில ஆண்டுகளில் அமைய வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராமையால் பின்தங்கும் கிராமப்புற இளைஞர் பலர். பள்ளியிலேயே வாரம் ஒரு பக்கம் எழுதப் பழக்கினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

அதன்பின் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று நுட்பத்தில் ஆழ்ந்து நிபுணராவது. மற்றொன்று ஆட்களையும் திட்டங்களையும் நடத்துவது. வங்கி, மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றுள் ஒன்றை நன்கறிந்த கணிப்பொறியாளருக்கு இரு பாதைகளிலும் மதிப்புண்டு.

எச்சரிக்கை வேண்டும்

'சேர்ந்தவுடன் வேலை உறுதி' என விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களிடம், சென்ற ஆண்டு பயின்றோர் எங்கே பணிபுரிகின்றனர் என்று கேட்டு, அவர்களில் ஓரிருவரை நேரில் கண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர் என்றே கொள்ளலாம். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கலாகாது.

மற்றொரு மாறுதலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் பரவிவிட்டன. புதியவர்கள் செய்துவந்த எளிய வேலைகளில் ஒரு பகுதியை இவை செய்துவிடுகின்றன. ஆனால் இக்கருவிகள் தவறான விடையையும் உறுதியான தோரணையில் தரக்கூடியவை. மூன்றாம் நாள் மழைமானி பழுதுபட்டிருந்தது என்பதை எவரும் சொல்லாவிடில் அவை அறிய மாட்டா. எனவே விடையைச் சரிபார்க்கத் தெரியாமல், வாங்கி ஒப்படைக்க மட்டுமே தெரிந்தவருக்கு இனி இடம் சுருங்கும்; கணக்கையும் களத்தையும் அறிந்து சரிபார்ப்பவரின் தேவை நீடிக்கும்.

நமது பணி

பள்ளியில் ஒரே ஒரு கணிப்பொறி இருப்பினும் போதும். மாணவர்கள் முதலில் தாளில் படிமுறையை எழுதட்டும். பின்னர் முறைவைத்து அதில் இயக்கிப் பார்க்கட்டும். விடை தவறாக வந்தால் ஆசிரியர் உடனே திருத்தாமல், ஏன் தவறிற்று என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருத்தல் நலம். வெளிக்கள ஊழியர்கள் தம் பழைய பதிவேடுகளில் ஒன்றைப் பயிற்சிக்காகப் பள்ளிக்குக் கொடுத்துதவலாம். ஆனால் தனிமனிதர் பெயரும் விவரமும் அதில் இருத்தலாகாது.

பெற்றோர் மீண்டும் வந்து அதே கேள்வியைக் கேட்கும்பொழுது, நிச்சயமான வேலையை நாம் வாக்களிக்க இயலாது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் பிள்ளை இலவசப் பாடங்களைப் பயின்று, ஒரு சிறு கணக்கை நடத்திக் காட்டட்டும் என்று கூறலாம். அந்த மூன்று மாதத்தில் பிள்ளையின் விருப்பமும் உழைப்பும் தெரிந்துவிடும். நிலமும் ஈட்டுக்குப் போகாது.